பேண்டுக்குப் பின்னால் நடப்பவர்கள்

மகள் பள்ளிக்கூடப் பேண்டில் சேரப்போவதாகச் சொன்னபோது, பொறுப்பான தகப்பனைப் போல மூன்று கேள்விகள் கேட்டேன். சப்பாத்து என்ன நிறம்? பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்? தொப்பியில் இறகு கட்டாயமா? கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அது எனக்குத் தெரிய இரண்டு வருடம் பிடித்தது.

அவளுக்குக் கிடைத்தது மெலோடிக்கா. சின்ன ஹார்மோனியம் ஒன்றின் துருத்தியைப் பிடுங்கிவிட்டு, அந்த வேலையைப் பிள்ளையின் நெஞ்சுக்குக் கொடுத்தால் அதுதான் மெலோடிக்கா. முதல் மூன்று மாதமும் வீட்டில் ஒரே மெட்டின் முதல் பாதிதான். ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா கையில் பையோடு எங்கள் கேட்டருகே வந்து நின்றார். எங்கள் ரோட்டில் பாண் விற்கிற பேக்கரி ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வரும்.

"பாண்காரன் போயிட்டானா தம்பி? சத்தம் கேட்டிச்சே."

"அது நம்ம மகள் அக்கா."

அவர் பையை மடித்தார். "நல்லா வருது. பாண்காரன விட சுதி கொஞ்சம் கொறவு, அவ்வளவுதான்."

அன்றோடு மகள் வீட்டில் வாசிப்பதை நிறுத்தி, பயிற்சியைப் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொண்டாள்.

நான் புத்தகம் படிக்கிறவன். எங்கள் இரத்தோட்டைப் பக்கம் அதை ஒரு நோயாகத்தான் பார்ப்பார்கள், ஆனால் கூட்டங்களுக்கு உதவுகிற நோய். மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்த வாரமே பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்னைப் பிடித்துப் போட்டது. விழாக்களுக்கு வருகிற பிரதம அதிதிகளுக்கு வாழ்த்து மடல் எழுதுவது என் வேலை. ஒரே மடலில் பெயரை மட்டும் மாற்றி நான்கு பேரை இமயமலை ஆக்கியிருக்கிறேன்.

இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் எனக்குத் தரவில்லை. கூட்டத்தில் ஒருவர் ஒன்றை முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும், இல்லாவிட்டால் தீர்மானம் நகராது. முன்மொழிந்ததும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். கதவுக்கு வெளியே இஞ்சித் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும். அந்த மௌனம் எனக்குத் தாங்காது. "வழிமொழிகிறேன்" என்பேன். தேத்தண்ணீர் உள்ளே வரும். எட்டு வருடமாக எங்கள் பள்ளியின் முன்னேற்றம் இப்படித்தான் நடந்தது.

பேண்ட் எதற்கு என்பதும் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. பிரதம அதிதியைக் கேட்டிலிருந்து மேடைவரை கூட்டிப்போவதற்கு. பிள்ளைகள் வருடம் முழுக்கப் பழகுவது அந்த நாற்பது அடி தூரத்துக்கு. எங்கள் புதிய கழிப்பறைக்கு இரண்டு கட்சிக்காரர்கள் இரண்டு தரம் நாடா வெட்டினார்கள். இரண்டு தரமும் மகள் ஊதினாள். இரண்டு தரமும் தண்ணீர் வரவில்லை. அதனால் இந்த வருடம் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டினார்கள்.

அதே வருடந்தான் எங்கள் பேண்ட் முதல் தடவையாக மாத்தளையில் நடக்கும் வலய மட்டப் போட்டிக்குத் தெரிவானது. கலேவெலயிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற இளம் டீச்சர் ஒருவர் ஏழு நிமிட நிகழ்ச்சி ஒன்றைப் பழக்கியிருந்தார். நட்சத்திரமாக நிற்பது, இரண்டாகப் பிரிவது, மறுபடி சேர்வது. நடுவில் எல்லோரும் நிற்க, மகள் மட்டும் தனியாக வாசிக்க ஓர் இடம். வீட்டில் அவள் அந்த இடத்தைப் பற்றிப் பேசவே மாட்டாள். அவ்வளவு ஆசை.

தாங்கித் திறப்புவிழாவுக்கும் போட்டி நடக்கிற அதே நாளை யோசிக்கிறார்கள் என்று தெரியவந்தது.

"அப்பா, இன்னிக்குக் கூட்டத்துல சொல்லுங்க. அன்னிக்கு எங்கள விட்டுரச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"சத்தமா சொல்லணும்."

"சத்தமா சொல்றேன்டா."

கூட்டத்தில் பள்ளி அதிபர் விளக்கினார். "தாங்கியத் தொறக்க வர்ற ஐயாவுக்கு அன்னிக்கு மட்டுந்தான் நேரமாம். எட்டு மணிக்கெல்லாம் வந்துருவாராம். எட்டரைக்குப் புள்ளைங்கள பஸ்ல ஏத்திரலாம். போட்டி பத்துக்குத்தானே?"

பிறந்ததிலிருந்து இந்த நாட்டிலேயே வாழ்கிற இருபது பேர் அதை நம்பித் தலையாட்டினோம். ஒருவர் முன்மொழிந்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இஞ்சி வாசம் வந்தது. நான் எழுந்து என் மறுப்பைச் சொல்வதற்குத் தொண்டையைச் செருமினேன். "வழிமொழிகிறேன்" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் நன்றியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "யாரு வழிமொழிஞ்சது?"

செருப்பைக் கழற்ற நான் எடுத்துக்கொண்ட நேரமே அவளுக்குப் பதிலாக இருந்தது.

விழா அன்று காலை ஏழு மணிக்கே பிள்ளைகள் கேட்டருகே வரிசையில் நின்றார்கள். குளிரடிக்கிற ரிவர்ஸ்டன் மலையுச்சியில் போடவேண்டிய தடிப்பில் சிவப்புக் கோட்டு. எட்டு மணி ஆயிற்று. "வந்துகிட்டே இருக்காராம்" என்றார் அதிபர், போனைக் காதிலிருந்து எடுக்காமல். ஒன்பதாயிற்று. அப்போதும் வந்துகொண்டே இருந்தார். போட்டிக்குப் போகவேண்டிய பஸ்ஸின் சாரதி சீட்டில் சாய்ந்து குறட்டைவிடத் தொடங்கினார். சிம்பல் தட்டுகிற பையன் வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்தான், குளுக்கோஸ் கொடுத்து எழுப்பி நிறுத்தினார்கள். நான் பந்தல் நிழலில், வாழ்த்து மடலோடு இருந்தேன். மகள் என் பக்கம் திரும்பவேயில்லை. மாத்தளையில் எங்கள் பள்ளியின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பள்ளியைக் கூப்பிட்டுவிட்டார்களாம்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஜீப் வந்தது. மாலை விழுந்தது. பேண்ட் புறப்பட்டது.

வழக்கமாக அதிதியை நேரே கூட்டிப்போய் மேடையில் விடவேண்டும். முன்னால் கோல் பிடித்து நடந்த லீடர் பிள்ளை இடப்பக்கம் திரும்பி மைதானத்துக்குள் இறங்கினாள். பேண்ட் பின்னால் இறங்கியது. பேண்டை முந்திக்கொண்டு அதிதி போகக்கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எழுதாத சட்டம் என்பதால் மீறவும் வழியில்லை. அதிதி இறங்கினார். அவருடைய ஆட்கள், அதிபர், கடைசியாக மடலோடு நான்.

பிள்ளைகள் நட்சத்திரமானார்கள். நட்சத்திரத்துக்கு முன்பக்கம் எது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம். அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், நாங்கள் நடுவே போனோம். அவர்கள் சேர்ந்து எதிர்ப்பக்கம் திரும்பினார்கள். நாங்களும் திரும்பியதில் கடைசி ஆளான நான் ஊர்வலத்தின் முதல் ஆளானேன்.

"நிப்பாட்டச் சொல்லுங்க சேர்," என்றார் அதிதியின் ஆள், வாயை அசைக்காமல்.

"நடுவுல எப்பிடிங்க நிப்பாட்டுறது?" என்றார் அதிபர், வியர்வையோடும் புன்னகையோடும். டீச்சர் தண்ணீர்த் தாங்கியைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லாம் நின்றது. மகள் மட்டும் வாசித்தாள். அந்த மெட்டுக்கு இரண்டாம் பாதி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு மூச்சும் தவறவில்லை. பாண்காரன் கிட்டவே வரமுடியாது.

அதிதி தன் பேச்சில், இப்படி ஒரு வரவேற்பு தனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை என்றார். அன்று சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். குழாயைத் திறந்தார்கள். காற்று வந்தது.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன். "யாரோட யோசனை?"

"ஏழு நிமிஷ ஐட்டம்ப்பா. எங்கயாவது ஒரு எடத்துல வாசிச்சுத்தானே ஆகணும்?" கொஞ்ச தூரம் நடந்தபின், "நீங்க ஸ்டெப் தப்பா வச்சீங்க," என்றாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்தேன். போட்டி நாளில் எந்த அதிதிக்காகவும் பேண்டைக் கூப்பிடக்கூடாது என்று முன்மொழிந்தேன், சத்தமாகவே. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இஞ்சி வாசம் வந்தது. அதிபர் பழக்கத்தில் என்னையே பார்த்தார். பிறகு, "நீங்களே முன்மொழிஞ்சு நீங்களே வழிமொழிய ஏலாதே," என்றார் வருத்தத்தோடு. தீர்மானம் விழுந்தது. தேத்தண்ணீர் வந்தது.

ஆகவே, பிள்ளையைப் பேண்டில் சேர்க்கப்போகிற பெற்றோரே, சப்பாத்து வெள்ளை, இறகு கட்டாயம். நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? என்னைப் போன்றவர்கள். அதனால் நீங்களும் வாருங்கள். அதே தீர்மானத்தை இந்த மாதக் கடைசியில் மறுபடி கொண்டுவரப்போகிறேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். பேசத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒரு சொல் போதும்.