பச்சைச் சாயம் வந்த மாதம்

போன வாரம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அப்போதுதான் யாரோ தரையைத் துடைத்திருந்தார்கள். அந்த ஃபினாயில் வாசனை மூக்கில் ஏறியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊசியை வைத்துக்கொண்டிருந்த பெண், "அங்கிள், பயமா இருந்தா அந்தப் பக்கம் பாருங்க லா" என்றாள். பயமெல்லாம் இல்லை. எனக்கு அந்த நிமிஷம் இருபது வயது, அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்திய கதை. கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எங்கள் லேப். சளியில் சயரோகக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிவப்புச் சாயம் உண்டு. அதில் ஃபினாயில் வாசனை அடிக்கும் கார்பாலிக் கலந்திருக்கும். கண்ணாடிச் சில்லில் சளியைத் தடவி, சாயத்தை ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டினால் ஆவி கிளம்பும். அந்த வாசனை சட்டையை விட்டுப் போகாது. அம்மா என் துணியைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவாள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததே ரயில்வே என்னை வேண்டாம் என்றதால்தான். அப்பா தண்டவாளம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன். குடியிருப்பு ரயில்வே குவாட்டர்ஸில். எனக்கும் ரயில்வேதான் என்று பிறந்த அன்றே முடிவாகிவிட்டது. வேலைக்கு எடுக்குமுன் கண் சோதனை வைத்தார்கள். ஒரு துரை பெட்டி நிறையக் கம்பளி நூல் கண்டுகளைக் கொட்டி, பச்சைக் கண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, இதே நிறத்தில் இருப்பவற்றை எடு என்றார். நான் மிகுந்த தன்னம்பிக்கையோடு எடுத்து அடுக்கினேன். பாதி சாம்பல், பாதி பழுப்பு என்று பிறகுதான் சொன்னார்கள். துரை பெட்டியை மூடிவிட்டார்.

மறுநாள் காலை அப்பா கோப்பியை ஆற்றிக்கொண்டே, "ரயிலுக்குத்தான் செவப்பு பச்சையெல்லாம் வேணும். ஆஸ்பத்திரியில என்ன, எல்லாம் வெள்ளதானே" என்றார்.

இப்போது இந்த வேலைக்குக் கல்லூரி இருக்கிறது, டிப்ளோமா இருக்கிறது, சேர்வதற்கு முன்பே கண்ணைச் சோதித்துவிடுகிறார்கள். எங்களுக்கு வகுப்பறை என்றால் போத்தல் கழுவும் தொட்டிதான். இரண்டு வருஷம் கழுவினால் சாயம் போட விடுவார்கள். சாயம் ஒழுங்காகப் போட்டால் மைக்ராஸ்கோப்பில் பார்க்க விடுவார்கள். பிறகு ஒருநாள் டாக்டர் கூப்பிட்டு நாலைந்து ஸ்லைடைக் காட்டிக் கேள்வி கேட்பார். பதில் சரியாக இருந்தால் லேப் அசிஸ்டன்ட். அந்த ஒரு இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர், நானும் சூசையும்.

சூசை கிள்ளான்காரன். கோயிலுக்குத் தவறாமல் போகும் கத்தோலிக்கக் குடும்பம். நான் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தான். தினமும் முதல் ரயிலில் வருவான். அவன் டிபன் கேரியரைத் திறந்தால் கருவாட்டுச் சம்பல் கார்பாலிக்கையே தோற்கடித்துவிடும்.

என் கண் விஷயம் அவனுக்குக்கூடத் தெரியாது. சாயப் போத்தல்களை இருக்கும் இடத்தை வைத்து அடையாளம் பிடித்துக்கொள்வேன். சிவப்புச் சாயம் போட்டபின் பின்னணிக்கு நீலம் போடுவார்கள். நீலத்தின் மேல் சிவப்பேறிய கிருமி எனக்கும் கம்பி கம்பியாகத் தெரியும். அதனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புது டாக்டர் வந்தார். நல்ல மனிதர். நீலம் கண்ணை உறுத்துகிறது, இனிமேல் பச்சை போடுங்கள் என்றார். சூசைக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கோ மைக்ராஸ்கோப்புக்குள் எல்லாம் ஒரே சேறு. கிருமி இல்லை, கிருமி இல்லை என்று எழுதிக்கொண்டே போனேன். நிஜமாகவே இல்லை போலிருக்கிறது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

ஒரு முற்பகல், லேப் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். அஞ்சலை. புருஷனுக்குச் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. இருமலுக்காக அவளை வார்டில் சேர்த்திருந்தார்கள். முடிவு தெரியும்வரை ஆறு மாதக் குழந்தையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எதிரே மரத்தடியில் அவள் தங்கை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, மொத வாட்டி பாத்ததுல ஒண்ணும் இல்லன்னு வார்டு டிரஸ்ஸர் சொன்னாரு. இதுலயும் இல்லன்னா புள்ளைய வாங்கிக்கலாமா? பால் கட்டிக்கிட்டு வலிக்குது."

முதல் ஸ்லைடைப் பார்த்து எழுதியவன் நான். இரண்டாவதும் அப்போது என் முன்னால்தான் இருந்தது. அதிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு சூசையைக் கூப்பிட்டேன்.

அவன் குனிந்து பார்த்தான். உடனே நிமிர்ந்தான். "எண்ண முடியாத அளவுக்கு இருக்குடா. உனக்குத் தெரியல?"

"தெரியல. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான்."

அவன் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தான். "சரி. இனிமே சளி ஸ்லைடெல்லாம் நான் பாக்குறேன். நீ வேற வேலயப் பாரு. யாருக்கும் சொல்ல வேணாம்."

ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறவன் சொன்ன வார்த்தை அது. எனக்கு அழுகை வந்தது. "ஒருநாள் உனக்குக் காய்ச்சல்னு நீ வரலன்னா?" என்றேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அன்று மறந்துபோய்விட்டது. எப்படியோ உளறி முடித்தேன். அவர் திட்டவில்லை. பச்சை வந்த பிறகு எத்தனை ஸ்லைடு பார்த்தாய் என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் சூசை திரும்பப் பார்த்தான். அஞ்சலையைத் தவிர கிருமி உள்ளவர் இன்னும் ஒருவர் அகப்பட்டார். வீட்டுக்கு அனுப்பப்பட்டு, செமினிப் பக்கத்து எஸ்டேட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை.

அஞ்சலையிடம் நானே போய்ச் சொன்னேன். "புள்ளைய வாங்க வேணாம்மா." அவள் மரத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்ப டின் பால் வாங்கச் சொல்லணும்" என்றாள்.

வேலை போய்விடும் என்றுதான் இருந்தேன். போகவில்லை. கண்ணாடிக் குழாயில் ரத்தநீரை விட்டு, டைபாய்டு காய்ச்சலா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. குழாயில் திரி திரியாகப் படிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும், நிறம் வேண்டியதில்லை. அதை டாக்டர் எனக்குக் கொடுத்தார். லேப் அசிஸ்டன்ட் ஆனவன் சூசை. அன்று அவன் சம்பலில் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டான். நான் ஐந்து வருஷம் கழித்துத்தான் ஆனேன், குழாய்க்காரனாகவே.

அஞ்சலை தனி வார்டில் ஒன்பது மாதம் இருந்தாள். அப்போது அந்த நோய்க்கு மருந்தென்று சொல்ல எதுவும் கிடையாது. படுக்கை, முட்டை, பால், காற்று. தங்கை வாரம் இரண்டு நாள் குழந்தையைக் கொண்டுவந்து வராந்தாவுக்குக் கீழே புல்லில் விடுவாள். குழந்தை நடக்கப் பழகியது அந்தப் புல்லில்தான். மூன்று அடி வைத்து உட்கார்ந்தபோது அஞ்சலை மேலே நின்று கைதட்டினாள். கைதட்டியதில் இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தாள்.

மழைக்காலத்தில் இறந்துபோனாள். துணிமூட்டையை வாங்க வந்த தங்கை லேப் ஜன்னலுக்கு வந்தாள். "புள்ளைக்கு இன்னிவரைக்கும் ஒரு இருமல்கூட இல்லீங்க. ஒங்ககிட்ட சொல்லச் சொல்லுச்சு அக்கா."

ஜப்பான் சண்டைக்குப் பிறகு அந்த நோய்க்கு மருந்து வந்தது, பயிற்சிப் பள்ளியும் வந்தது. சர்ட்டிபிகேட்டோடு வந்த பிள்ளைகள் எங்களுக்கு மேலதிகாரிகள் ஆனார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். பலகைச் சுவர் லேப்பை இடித்துவிட்டார்கள். தனி வார்டு இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன, புல் இல்லை. சூசையைக் கிள்ளானில் அடக்கம் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் அஞ்சலையைத் தெரிந்தவர்கள் என்று இனி நான் மட்டும் இருக்கிறேன், எங்கோ அந்தக் குழந்தை இருக்கிறது. அதற்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். அம்மாவின் முகம் நினைவிருக்க நியாயமில்லை.