தாளிக்காத பருப்பும் ரெங்கம்மா சொன்ன பொய்யும்

இன்றைக்கு ஹாலிஎல பஸ் தரிப்பிடத்தில் யாரைச் சந்திக்கக் கிடைத்தது என்று கேளுங்கள். ரெங்கம்மா அக்காவை! பஸ் வந்தது, போனது, அடுத்ததும் வந்தது, அவர் ஏறவேயில்லை. பேச ஆரம்பித்தால் அவருக்குப் பஸ் தெரியாது. அவர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்த கையோடு இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது. எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும், கண் கலங்கிய நிலையில் தட்டச்சு செய்வது அவ்வளவு சுலபமில்லை.

ரெங்கம்மா ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கணவருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஒரே மகள் பிரஷாந்தினி. ஒரு மழைக்காலத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு வாய் பிளந்தது. மண் சரியப் போகிறது, எல்லோரும் இறங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அரிசி மூட்டையை எடுப்பதா, அடையாள அட்டையை எடுப்பதா என்று தெரியாமல் ஆளுக்கொரு பையோடு ஓடி வந்தவர்களுக்குக் கதவைத் திறந்து விட்டது, கீழேயிருந்த சிங்களக் கிராமத்தின் பன்சலை, அதாவது புத்த விகாரை. அங்கே ஞாயிறு அறநெறிப் பள்ளி நடக்கும் மண்டபத்தில்தான் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் பாய் விரித்தன.

சமையலைக் கிராமத்துப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைவி சுமனா. பன்சலை மதிலுக்கு அந்தப் பக்கமே அவர் வீடு. குரல் பெரிது, கரண்டி அதைவிடப் பெரிது. தோட்டத்து ஆட்களோடு காலமெல்லாம் மரக்கறி விற்றுப் பழகியதில் தமிழும் ஓரளவு வரும்.

வந்து கொஞ்ச நாளில், ஒரு விடியற்காலை, பிரஷாந்தினி அம்மாவின் காதருகே வந்து ஏதோ சொன்னாள். ரெங்கம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

மகள் பெரியவளாகிவிட்டாள்.

லயத்தில் நடந்திருந்தால் அந்தக் காலையே வேறு. முதல் வேலையாகப் பக்கத்துக் காம்பராவுக்குச் சேதி போயிருக்கும். பெண்கள் குலவை போட்டிருப்பார்கள். ஹல்துமுல்லையிலிருக்கும் தாய்மாமன் மாடசாமி பச்சை ஓலையோடு வந்து வாசலில் குடிசை கட்டியிருப்பான். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, களி கிண்டிக் கொடுத்து, ஒரு ராணியைப் போல வைத்திருப்பார்கள்.

இங்கேயோ, ஜன்னலைத் திறந்தால் விளக்கேற்றிக் கும்பிடும் அரச மரம். அதைச் சுற்றி வெள்ளை மணல். தோட்டத்துக் கோவில் வாசலைக்கூட இந்த நாட்களில் மிதிக்க விடமாட்டார்கள். அப்படியிருக்க, ஊரார் கும்பிடும் பன்சலைக்குள்ளேயே தீட்டு என்று தெரிந்தால்? தன்னை மட்டுமா போகச் சொல்வார்கள்? இந்த மழையில் இத்தனை குடும்பமும் தன் மகளால் தெருவில் நிற்க வேண்டி வருமே என்று ரெங்கம்மா பயந்தார்.

"வாயத் தெறக்காத. யார் கேட்டாலும் ஒண்ணும் சொல்லாத" என்றார் மகளிடம். பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி வைத்திருந்த மூலையில் தன் சேலையை மறைப்பாகக் கட்டி, பிள்ளையை அதற்குள் உட்கார வைத்தார். தனித் தட்டு, தனிக் குவளை.

மண்டபத்தில் எதையாவது மறைக்க முடியுமா? பக்கத்துப் பாய்க்காரி சிவசக்தி, நிறைமாதக் கர்ப்பிணி, வயிற்றைப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, புள்ளய மூலையில வச்சிருக்கீங்க?"

ரெங்கம்மாவின் வாயில் வந்து விழுந்தது இதுதான்:

"அம்மை போட்டிருக்கு."

சொன்னபோது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அம்மை என்றாலும் தனியாகத்தான் வைப்பார்கள், தனித் தட்டுத்தான், யாரும் கிட்ட வரமாட்டார்கள். ஆனால் சிவசக்தியின் முகம் வெளிறியதைப் பார்த்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. அதற்குள் சிவசக்தி பாயைச் சுருட்டிக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போய்விட்டாள். சாரல் அடிக்கும் விறாந்தை.

சேதி சமையல் கொட்டிலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? சுமனா கரண்டியை அப்படியே போட்டுவிட்டு எங்கோ போனார். நனைந்துகொண்டே திரும்பி வந்தபோது கை நிறைய வேப்பங்கொத்து. சேலை மறைப்பின் மேலே அதைச் செருகினார். பிறகு கொட்டிலுக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டார். அன்று மதியம் எல்லோருக்கும் தாளிக்காத பருப்பு. பப்படம் இல்லை, பொரியல் இல்லை.

"சுமனா அக்கா, உங்களுக்கும் இப்பிடியா?" ரெங்கம்மாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பின்ன? இது தெய்யோ குடுக்கிற லெட, சாமி குடுக்கிற நோய் தானே நங்கி. தெய்யோ வந்த இடத்துல எண்ண கொதிக்கக் கூடாது. எங்க அம்மா இருந்தா அடிப்பா." சிங்களத்தில் நங்கி என்றால் தங்கச்சி.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மனுக்குக் கோவம்னா நம்ம பருப்பு என்னய்யா பாவம் பண்ணிச்சு?"

"திங்கிறதுன்னா தின்னு, இல்லன்னா அந்தத் தட்ட இங்க குடு" என்று ஒரு பெண் குரல் வந்தது. சிரிப்பு கிளம்பியது. ரெங்கம்மா மட்டும் தட்டைத் தள்ளி வைத்தார். யாரோ பெற்ற பிள்ளைக்காக மழையில் போய் வேப்பிலை ஒடித்து வந்தவரிடம் அல்லவா பொய் சொல்லியிருக்கிறோம்!

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததாம். ஜன்னல் வழியே அரச மரத்தைப் பார்த்ததும் திரும்பவும் விழுங்கிவிட்டாராம்.

மறுநாள் காலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இறங்கினார். பெயர் றிகாஸ், இளவயது, முழங்கால்வரை சேறு. யாரோ பயத்தில் அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மேல் குற்றமில்லை. கைக்குழந்தைகளும் கர்ப்பிணியும் இருக்கும் இடத்தில் அம்மை என்றால் சும்மா விட முடியுமா?

"அக்கா, பிள்ளைய ஒருக்கா பாக்கணும். அம்மைதான்னா பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். ஜீப் கீழ நிக்குது."

ரெங்கம்மா மறைப்பின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"பாக்கக் கூடாதுங்க ஐயா."

"ஏன் பாக்கக் கூடாது? கொப்புளம் எங்க எங்க இருக்குன்னு பாக்காம நான் என்னத்தச் சொல்றது?"

"ஆம்பளைங்க பாக்கக் கூடாது."

"நான் என் வேலையத்தான்க்கா செய்றேன்."

"ஐயா, உங்களக் கும்புடுறேன், வேணாம்!"

உள்ளே பிள்ளை விசும்பும் சத்தம் கேட்டது. மண்டபமே எழுந்து நின்றுவிட்டது. ஆண் முகம் படக்கூடாத நாளில் மகளை ஜீப்பில் ஏற்றி, இடிந்த பாதையில் பதுளைவரை கொண்டு போகப் போகிறார்கள். உண்மையைச் சொன்னாலோ, எல்லோருக்கும் இடம் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அப்போதுதான் சுமனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மாத்தயா, நீங்க கொஞ்சம் இருங்க. நான் பொம்பள தானே, நான் பாக்குறேன்" என்றார். ரெங்கம்மா தடுப்பதற்குள் மறைப்புக்குள் நுழைந்துவிட்டார்.

பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், வெடித்த சிரிப்பு.

சுமனா வெளியே வந்து ரெங்கம்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். மெதுவாகத்தான் கேட்டார். "ஏய் நங்கி, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பன்சலையில அக்கா... தீட்டு... தெரிஞ்சா எல்லாரையும் போகச் சொல்லிருவீங்கன்னு..." ரெங்கம்மா சேலைத் தலைப்பை முகத்தில் பொத்திக்கொண்டார். முந்தின நாளிலிருந்து அடைத்து வைத்திருந்ததெல்லாம் அழுகையாகக் கொட்டியது.

சுமனா அவரைத் தன்னோடு அணைத்துக்கொண்டே றிகாஸைப் பார்த்துத் திரும்பினார். "மாத்தயா, அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல. புள்ள பெரிய மனுசி ஆகிட்டா!"

றிகாஸ் காதுவரை சிவந்து, சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியேதான் பேசினார்: "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்தானே அக்கா! எங்க வீட்லயும் தங்கச்சிமார் இருக்காங்க. எங்க உம்மா எங்களயெல்லாம் அந்த அறைப் பக்கமே போக விடமாட்டா. நான் ஜீப்ப அனுப்பிட்டு வாறேன்."

யார் ஆரம்பித்தது என்று தெரியாது, விறாந்தையிலிருந்து ஒரு குலவை எழுந்தது. பார்த்தால், சிவசக்தி! பயந்து வெளியே போனவளே பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "என்னைய குளிருல உட்கார வச்சதுக்குச் சடங்குல எனக்கு ரெண்டு உருண்டை களி கூட வேணும், சொல்லிப்புட்டேன்" என்றாள்.

ஆனால் பன்சலையின் பிக்குவான ஹாமதுருவிடம் யார் போய்ச் சொல்வது? ரெங்கம்மாவே போனார். துணைக்குச் சுமனா. வயதான ஹாமதுரு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுமனாவை மொழிபெயர்க்கச் சொல்லி, முதலில் கண்டித்தார். தீட்டுக்காக அல்ல. வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பயமுறுத்தியதற்காக. அதன் பிறகு, புத்தர் சொன்ன தர்மத்தில் இந்தத் தீட்டெல்லாம் கிடையாது, பிள்ளை மண்டபத்திலேயே இருக்கட்டும் என்றார்.

அதைத் தமிழில் சொல்லி முடித்த சுமனா, உடனேயே தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்: "ஹாமதுருக்குக் கிடையாது. எங்க பொம்பளைகளுக்கு இருக்கு! எங்களுக்கும் கிலி, அதான் உங்க தீட்டு, பாக்கணும். புள்ள என் வீட்டுக்கு வரட்டும்."

என்ன சொன்னாய் என்று ஹாமதுரு கேட்டார். சுமனா சிங்களத்தில் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, பிள்ளை பெரியவளான நேரம் என்ன, நல்ல நாள் பார்க்க வேண்டாமா என்று கேட்டாராம்.

அன்றே பிரஷாந்தினி, தலையோடு துணி போர்த்தி, பெண்கள் நடுவே சுமனா வீட்டுக்குப் போனாள். அங்கே தொடங்கியது பாருங்கள் இரண்டு தாய்மாரின் சண்டை! ரெங்கம்மா நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்க வேண்டும் என்கிறார். சுமனாவோ எண்ணெயே ஆகாது என்கிறார்.

"நல்லெண்ண குடிக்காம இடுப்பு எப்பிடிக்கா பலப்படும்?"

"எண்ண குடிச்சா முகத்துல பரு வரும் நங்கி! எனக்குத் தெரியும், மூணு புள்ள பெத்தவ நான்."

கடைசியில் முட்டை உண்டு, எண்ணெய் பாதி என்று சமாதானமானது. காத்துக் கறுப்பு அண்டாமலிருக்கப் பக்கத்தில் இரும்பு வைக்க வேண்டுமே என்று ரெங்கம்மா ஊருக்குள் அலைந்து தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக் கத்தி வாங்கி வந்தால், பாயின் ஓரத்தில் சுமனா ஏற்கெனவே ஒரு பாக்குவெட்டி வைத்திருக்கிறார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்களாம். இதைச் சொல்லும்போது பஸ் தரிப்பிடத்திலேயே ரெங்கம்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

ஹல்துமுல்லைப் பாதை மூடியிருந்ததால் மாடசாமியால் வர முடியவில்லை. மாமன் இல்லாமல் குடிசையா? "மாமாவுக்கா பஞ்சம்?" என்று சுமனா தன் தம்பியை இழுத்து வந்தார். தமிழ் ஒரு சொல் தெரியாத அந்த மனிதர் தென்னோலையும் பலா இலையும் வைத்துக் கட்டிய குடிசை கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. நிற்கட்டும். நல்ல நேரத்தில் பலா மரத்தடியில் பூப்போட்ட தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு குடம் சுமனா, ஒரு குடம் ரெங்கம்மா. வாசலில் தேங்காய் உடைத்தது அவர்கள் முறைக்கு, ஆரத்தி சுற்றியது இவர்கள் முறைக்கு. பாற்சோறு ஒரு பக்கம், களி ஒரு பக்கம். சிவசக்தி கேட்ட இரண்டு உருண்டைக்கு மேலேயே வாங்கிக்கொண்டாள். றிகாஸ் ஒரு துணிப் பொதியை வாசலில் வைத்துவிட்டு, முகம் காட்டாமலே போய்விட்டார்.

பாதை திறந்த கையோடு மாடசாமி சீர்ச் சேலையோடு ஓடி வந்தான். குடிசையைப் பார்த்தான், கட்டியவரைப் பார்த்தான். "சரிங்க மச்சான், குடிசைக்கு நீங்க, சீலைக்கு நான்" என்றான். இரண்டு பாஷைக்கும் பொதுவான 'மச்சான்' மட்டும் சுமனாவின் தம்பிக்கு விளங்கியது. அது போதுமே!

மண்டபத்தைக் காலி செய்த நாளில் ரெங்கம்மா சுமனாவின் காலில் விழப் போனார். சுமனா பாதியிலேயே பிடித்து நிறுத்திவிட்டார். "போயிட்டு வர்றேன்க்கா" என்று இவர் தமிழில் சொல்ல, "கிஹின் என்ன நங்கி" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். அதுவும் 'போயிட்டு வா'தான். போகிறவரைத் திரும்பி வரச் சொல்லித்தான் இரண்டு பாஷையிலும் அனுப்புகிறோம்.

ரெங்கம்மா திரும்பி வந்தார். கூலி வேலை இல்லாத நாட்களில் வந்துகொண்டே இருக்கிறார். "நான் பயந்தது மாதிரி இன்னொரு தாய் அந்த மூலையில நின்னு பயப்படக் கூடாதுங்க. அன்னைக்கு அந்த அக்கா என்னைய ஒரு வார்த்த ஏசல. அதுக்கு நான் என்ன செஞ்சு தீக்கப் போறேன், சொல்லுங்க?" என்று கேட்டபோது அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

இப்போது அந்த மண்டபத்துக்குப் பின்னால் பெண்களுக்கென்று ஒரு சின்ன அறை எழும்பிக்கொண்டிருக்கிறது. கதவோடு, உள்பக்கம் தாழ்ப்பாளோடு. ஹாமதுரு இடம் கொடுத்தார். கிராமத்தாரும் தோட்டத்தாரும் மாறி மாறிக் கல் சுமக்கிறார்கள். கல் எந்தப் பக்கம் அடுக்குவது என்று சுமனாவும் ரெங்கம்மாவும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஹாலிஎல பக்கம் போகிறவர்கள் ஒரு பௌர்ணமிப் போயா நாளில் அங்கே எட்டிப் பாருங்கள், முடிந்தால் ஒரு கல்லாவது தூக்கிக் கொடுங்கள். போக முடியாதவர்கள் இதைப் பகிருங்கள். உங்கள் ஊர்க் கோவில், பன்சலை, பள்ளிவாசல், பாடசாலை நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். அடுத்த மழைக்கு முன்னால், கதவு வைத்த ஓர் அறை அவர்களிடமும் இருக்கட்டும்.