சந்தேகத்தின் பலனை அளித்து

கோர்ட்டுக்குப் பின்பக்கம், வக்கீல்களின் அறைகளுக்குப் போகும் மாடிப்படிக்குக் கீழே அவளுடைய இஸ்திரி மேசை இருந்தது. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும்தான் பிழைப்பு. அங்கே எல்லாரும் அவளை ‘அப்பீல் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

மத்தியானம் பெட்டியில் கங்கு தணிந்ததும், கையைத் துடைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். எவ்வளவோ வருஷமாக அப்படித்தான். யார் ஜெயித்தார்கள் என்று வெளியே வந்து கேட்பவர்கள்மேல் அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம்கூட உண்டு. எதனால் ஜெயித்தார்கள் என்பதல்லவா விஷயம்? போலீஸில் சொன்னதைச் சாட்சி கூண்டில் ஏறியும் சொன்னானா, குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் தடுமாறினான், நீதிபதி எந்த வார்த்தையைப் போட்டு எழுதினார் என்று கோட்டைத் தேய்த்தபடியே பேசிக்கொண்டிருப்பாள்.

“அக்கா, கோட்டை நாளைக்கு வாங்கிக்கச் சொன்னா எப்படி? இன்னிக்கே வாதம் இருக்கு. ஏதாவது பாத்துச் செய்யுங்க” என்பார் ஒரு இளம் வக்கீல்.

“இடைக்கால நிவாரணமா காலரை மட்டும் தேச்சுத் தரேன் தம்பி. முழுத் தீர்ப்பு நாளைக்குத்தான்.”

சிரிப்பாகப் பேசினாலும் அவளுக்கு அது சாமி காரியம் மாதிரி. ஒரு மனுஷனை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் இத்தனை பேர் இத்தனை தடவை நின்று யோசிக்கிறார்களே, அதில் கடவுளுடைய பொறுமை கொஞ்சம் இருக்கிறது என்று மனசார நம்பினாள்.

அம்மா போனபிறகு அவள்தான் வளர்த்து ஆளாக்கிய தம்பி, தண்ணீர் கேன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மழை பெய்த ஒரு சாயங்காலம் அந்த வண்டி, சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தையல்காரர்மேல் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. வண்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர், தம்பியும் கூட வேலை பார்த்த இன்னொருவனும். இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியும். கூட்டம் கூடுவதற்குள் இருவருமே கீழே இறங்கியிருந்தார்கள். மற்றவன் அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டான். வழக்கு தம்பிமேல் விழுந்தது.

ஜாமீனில் வந்த அன்று, “அக்கா, அன்னிக்கு நான்...” என்று அவன் ஆரம்பித்தான்.

அவள் அவன் வாயைப் பொத்தினாள். “எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத. கோர்ட்ல கேட்டா தெரியாதுன்னு ஒரு வார்த்தை போதும். குத்தம் சாட்டினவங்கதான் நிரூபிக்கணும். நீ பேசணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. நீ பேசலங்கறதையே உனக்கு எதிரா எடுத்துக்கவும் கூடாது.”

எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான். சொந்தத் தம்பிக்குச் சொல்லும்போது தன் படிப்பு வீண்போகவில்லை என்று அவளுக்கு ஒரு பெருமிதமும் இருந்தது.

வழக்கு நடந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரன்தான் ஓட்டுபவர் பக்கக் கதவு வழியாக இறங்கினான் என்றார் பெட்டிக்கடைக்காரர். அது தம்பியின் சட்டை. வழியே போன ஒரு பெண், இல்லை, மற்றவன்தான் என்றாள். தம்பி தெரியாது என்றதோடு நிறுத்திக்கொண்டான். தையல்காரரின் மகள் ஒரு வாய்தாவும் தவறாமல் வந்தாள். அவளும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், அக்கா என்று தெரிந்தும் முகம் திருப்பியதில்லை.

தீர்ப்பு நாள் வந்தது. நீதிபதி நிதானமாக வாசித்தார். சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்கள். வண்டியை ஓட்டியது எதிரிதான் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை. ஆகவே சந்தேகத்தின் பலனை அளித்து எதிரியை விடுதலை செய்கிறேன்.

அக்காவின் காது அந்த ஒரு தொடரிலேயே நின்றுவிட்டது. குற்றமற்றவன் என்று அவர் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை எத்தனை குடும்பங்களுக்கு அவளே விளக்கியிருக்கிறாள்!

பக்கத்திலிருந்தவள் மெல்லக் கேட்டாள்: “ஏங்க, உங்களுக்கு எல்லாம் தெரியும்ங்கறாங்க. எங்கப்பாவை யார் இடிச்சாங்கன்னு அவர் சொல்லவே இல்லையே?”

அது இந்தக் கோர்ட்டின் முன்னால் இருந்த கேள்வி இல்லையம்மா. அதுதான் சரியான பதில். அவளுக்குத் தெரியும். ஆனால் அதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமலே எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வீட்டில் தம்பி பெண்டாட்டி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி! என் வீட்டுக்காரர்மேல குத்தமே இல்லைன்னு ஜட்ஜே சொல்லிட்டாராமே! முதலாளி வண்டிச் சாவியையும் குடுத்தனுப்பிட்டார். நாளைக்கே எடுக்கச் சொல்றார்.” சந்தோஷத்தை அடக்க முடியாமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனாள்.

தம்பி சாவியை விரலில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அக்கா நின்றபடியே கேட்டாள்.

“அன்னிக்கு வண்டியை யாருடா ஓட்டினா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அதான் முடிஞ்சு போச்சேக்கா.”

“கோர்ட்டுக்கு முடிஞ்சுது. நாளைக்கு நீ மறுபடி ரோட்டுக்குப் போற. அதனால கேக்கறேன்.”

“பேசணும்னு கட்டாயமில்லைன்னு நீதானே சொன்ன. அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீ வாயைப் பொத்தின.”

குரலில் கோபமில்லை. அதுதான் அவளை அறுத்தது. கோர்ட்டை அவள் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. தான் அவனுக்கு அக்கா என்பதை மறந்து அன்றைக்கு வக்கீலாக நின்றுவிட்டதாக அவளுக்குப் பட்டது. கேட்டிருந்தால் தம்பி அழுதிருப்பான், சொல்லியிருப்பான். கடவுள் முன்னால் இருவரும் சேர்ந்து மண்டியிட்டிருக்கலாம். தண்டனை கிடைத்திருந்தாலும் அதைச் சேர்ந்து சுமந்திருக்கலாம்.

“இப்போ பொத்தல. சொல்லு.”

அவன் சொல்லவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தெருவில் ஏதோ வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. மௌனத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்ற சட்டத்தை எத்தனையோ தடவை அவள் வாயாரப் புகழ்ந்திருக்கிறாள். இன்றைக்கு அதற்குக் கட்டுப்பட அவளால் முடியவில்லை.

கையை நீட்டினாள். “சாவியைக் குடு. முதலாளிகிட்ட நானே குடுத்துடறேன்.”

அவன் விரலிலிருந்து சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். ஏன் என்று கேட்கவில்லை. நான் இல்லை என்றும் சொல்லவில்லை.

“எத்தனை நாளைக்குக்கா?” என்று மட்டும் கேட்டான்.

எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தெரியலடா” என்றாள். “நாளைக்கு அந்தத் தையல்காரர் பொண்ணைப் போய்ப் பாப்போம். நானும் வரேன்.”