தப்பான விடைக்குத் தொண்ணூறு மார்க் போட்ட சார்

தாமோதரன் சார் போயிட்டார். இன்னிக்குக் காலையில் குப்பு போன் பண்ணிச் சொன்னாள்.

ஜவ்வாது மலையில் எங்க ஊர் ஸ்கூலில் எனக்கும் குப்புவுக்கும் அஞ்சாவது வரைக்கும் அவர்தான் வாத்தியார். அவருக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே ஒடுகத்தூர்.

தங்கமான மனுஷன்னு கமெண்ட் போடுவீங்க. போடுங்க... எனக்கு மட்டும் அவர் மேல் ஒரு சந்தேகம் இருக்கு, நாற்பது வருஷமா.

எண்பதுகளோட ஆரம்பம் அது. அஞ்சாவது பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால், அந்தப் பிள்ளையைக் கீழே ஹாஸ்டலில் சேர்த்துவிடுவார் சார்.

மார்க்னாலே எங்க ஊரில் பயம். முன்னாடி போன ரெண்டு பிள்ளைங்க சாமை அறுப்புக்குக்கூட வீடு திரும்பலை.

"கீழ டிரான்ஸ்பர் வாங்கறதுக்குத்தான் இந்த ஆளு மார்க்க போட்டு நம்ம புள்ளைங்கள அனுப்புறாரு"ன்னு அப்பா அடிச்சுச் சொல்வார். சார் எங்க வீட்டில் உட்கார்ந்து களி சாப்பிடும்போது மட்டும் அப்பா வாயே திறக்க மாட்டார்!

பரீட்சைக்கு முந்தின நாள் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் தப்பா எழுதிட்டு வா கண்ணு"ன்னு சொன்னாள். அதையேதான் குப்புவுக்கு அவங்க அம்மாவும் சொல்லியிருந்தாள்.

வேற எந்த ஊரிலாவது இப்படி வேண்டிக்கிட்டுப் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பியிருப்பாங்களா தெரியலை.

நானும் சொன்னபடியே செஞ்சேன். 56 வர்ற இடத்தில் 65, 48 வர்ற இடத்தில் 84... எல்லா விடையையும் திருப்பிப் போட்டுவிட்டு நிம்மதியா வெளியே வந்தேன்.

மறுநாள் சார் கூப்பிட்டார். "ஏம்மா, இன்னா இது? நீ எழுதின எல்லாத்தையும் திருப்பிப் பாத்தா சரியா வருது. யாரு சொல்லிக் குடுத்தது?"

அவர் சிரிச்சிட்டே தொண்ணூறு போட்டார்.

ஒரு விடைகூடச் சரியில்லாத பேப்பருக்குத் தொண்ணூறு! குப்புவுக்குப் பன்னிரண்டு.

அப்பா ஊரைக் கூட்டிக் கத்தினார். சார் தினமும் வீட்டுக்கு நடந்தார், கடைசியில் அப்பா இறங்கி வந்தார்... நான் மலையிறங்கினேன்.

அடுத்த வருஷமே சாருக்கும் கீழே டிரான்ஸ்பர் வந்தது. அப்பா சொன்னது சரிதானோன்னு இன்னிக்கும் எனக்குத் தோணும்.

அந்தத் தொண்ணூறால்தான் எனக்கு வேலை, வேலூரில் வீடு எல்லாம். இருந்தும் மார்க்குன்னு எதைப் பார்த்தாலும் நம்பிக்கை வர மாட்டேங்குது.

என் பொண்ணு ஸ்கூலில் 'ஏ கிரேடு' கொடுத்தப்போ, "இதை எதை வெச்சுப் போட்டீங்க மிஸ்?"னு கேட்டேன். "மானத்த வாங்காதம்மா"ன்னு பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாள்.

குப்பு மலையிலேயே இருந்துட்டாள். சாமை, புளி, ரெண்டு பசங்க... அவளுக்கு நிஜமாவே கணக்கு வரலை போலன்னு நானாக நினைச்சுக்கிட்டேன். கேட்டதே இல்லை.

இன்னிக்குப் போனில் கேட்டுட்டேன். "குப்பு, உனக்கு அன்னிக்கி அந்தக் கணக்கு தெரியாதா?"

"தெரியாம இன்னா? கழித்தல்ல கடன் வாங்காம வுட்டேன், பெருக்கல்ல மீதிய ஏத்தாம வுட்டேன். தெரியாத புள்ள அப்டித்தான எழுதும். உன்ன மாதிரி திருப்பிப் போட்டா கண்டுபுடிச்சிருவாருன்னு எனக்கு அப்பவே தெரியும்."

என்னைவிடக் கெட்டிக்காரி அவள். அதனாலதான் பன்னிரண்டு.

அவளே மேலே சொன்னாள். "எனக்குப் போவணும்னு ஆசதான்டி. எங்கம்மா அழுதா, அதான் தப்பா எழுதினேன். உன்னக் கேட்ட மாதிரி என்னையும் கூப்ட்டு கேப்பாருன்னு பாத்தேன்... கேக்கவே இல்ல."

அழுகையா கோபமான்னு தெரியலை எனக்கு. ரெண்டும்தான்.

சார்... நாளைக்கு மாலையோட ஒடுகத்தூர் வர்றேன்.

குப்புவும் ஜீப் பிடிச்சு இறங்கி வர்றாள்.