கைக்கு இதமான பிடி

நான்கு வருஷங்களுக்கு முன்பு, ஆடி மாத மழைக்காலத்தில், டயகம பக்கத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. நான் அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தச்சு வேலை செய்கிறேன். தச்சரை இங்கே அழைப்பதுபோல எல்லோரும் என்னை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கொழுந்து வாட்டும் தட்டு, ஜன்னல், கதவு, பங்களாவின் நாற்காலி, மேசை எல்லாம் என் கையில்தான். வேலையில் குறை சொல்ல யாருக்கும் இடம் வைத்ததில்லை என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது.

அப்போது எங்கள் தோட்டத்துக்கு இருந்த பெரிய துரை, அதாவது தோட்ட மேலாளர், சிங்களவர். நல்ல மனிதர், தோட்டத்திலேயே தமிழ் பழகிக்கொண்டவர். பாதுகாப்புக்காக அனுமதிப் பத்திரத்தோடு ஒரு பழைய ரிவால்வர் வைத்திருந்தார். சாதாரணத் துப்பாக்கி இல்லை அது. என் சுண்டு விரல் நுனி உள்ளே போகும் அளவுக்கு அதன் வாய் பெரியது. கையில் வாங்கினால் ஒரு சுத்தியலைப் போலக் கனக்கும்.

ஒரு நாள் பங்களாவில் ஜன்னல் கொக்கி மாற்றிக்கொண்டிருந்தபோது துரை வந்து தன் வலது கையைக் காட்டினார். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்திருந்தது. நடுவிரல் மூட்டு கறுத்து வீங்கியிருந்தது.

“மூணு தரம் சுட்டதுதான் பாஸ். கழுத மாதிரி ஒதைக்குது. பிடி சின்னது. என் கைக்கு ஏத்த மாதிரி நீங்க ஒண்ணு செஞ்சு தர ஏலுமா?”

துப்பாக்கியில் கை வைக்க அதற்கென்று அனுமதி உள்ளவர்கள் இருக்கிறார்கள், அங்கே கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது மனதில் வராமல் இல்லை. ஆனால் துரையே கேட்கிறார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத வேலை வேறு. சரி என்றேன்.

துரை குண்டுகளை எடுத்துவிட்டு, உருளையைத் திறந்து ஆறு ஓட்டைகளும் வெறுமையாக இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். பிடியின் இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் தகடுகள், ஒன்று வெடித்திருந்தது. அந்தத் தகடுகளில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமாகக் கோடு வெட்டியிருந்தார்கள். அழுக்கு சேர்வதைத் தவிர அதனால் என்ன பயன் என்று நினைத்தேன். அலங்காரத்துக்கு வெட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

துரையின் கையை ஈரக் களிமண்ணில் பதிய வைத்து அளவெடுத்தேன். பங்களாவில் உடைந்து கிடந்த பழைய மேசையின் தேக்குக் காலை எடுத்துச் செதுக்கினேன். உதை ஒரே இடத்தில் விழாமல் உள்ளங்கை முழுவதும் பரவும்படி பின்பக்கத்தைத் தடிப்பாக விட்டேன். விசைக்குப் பின்னால் நடுவிரல் அடிபடும் இடைவெளியை மரத்தால் நிரப்பினேன். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன். பிறகு வழவழவென்று தேய்த்து, நாலு தரம் வார்னிஷ் பூசி, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன்.

கடைசிப் பூச்சு காயட்டும் என்று மரத்துண்டுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். கொழுந்தெடுத்துவிட்டு வந்த என் மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

“இவ்ளோ வழுவழுன்னு இருக்கே, மழையில வழுக்காதாங்க? செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திப் பிடிக்கு யாராச்சும் வார்னிஷ் அடிப்பாங்களா?”

“இது தொர கையில இருக்கப் போறது. கவ்வாத்துக் கத்தி இல்ல” என்று சொல்லி அதை வாங்கி வைத்துவிட்டேன்.

துரை அதைச் சோதித்துப் பார்த்த அன்று நல்ல வெயில். பங்களாவுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைப் பார்த்து இரண்டு முறை சுட்டார். நான் தள்ளி நின்று, காதைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது வெடிக்குப் பிறகு அவர் கையை ஒரு நொடி பார்த்தார். உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அருமை பாஸ். கையே வலிக்கல்ல.”

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் என் காதில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலை பத்து மணி இருக்கும். தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கதவு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கீழே மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் பெரிய காட்டுப்பன்றி ஒன்று சிக்கியிருப்பதாகக் காவல்காரர் ஓடிவந்து சொன்னார். கம்பி கால் எலும்பு வரை இறங்கிவிட்டதாம். அறுத்துக்கொண்டு ஓடினால் எதிரில் வருகிறவர்களைக் கிழித்துவிடும். அதற்கு முந்திய மாதம்தான் கவ்வாத்து வெட்டும் ஒருவரின் தொடையைப் பன்றி ஒன்று கிழித்திருந்தது.

துரை ரிவால்வரோடு வந்தார். நான் செய்த பிடி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நானும் பின்னாலேயே போனேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பக்கத்துத் தேயிலை மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களைத் தள்ளிப் போகச் சொல்லும்படி துரை காவல்காரரை அனுப்பினார். அவரும் சத்தம் போட்டுச் சொன்னார். பெண்கள் மேலே ஏறி மறைந்தார்கள். அவர்கள் வளைவைச் சுற்றி, எங்களுக்கு நேர் மேலே உள்ள தேயிலை நிரைக்குப் போய்விட்டார்கள் என்பது பனிமூட்டத்தில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

துரை ஏழெட்டு அடி தூரத்தில் நின்று சுட்டார். முதல் குண்டே பன்றியைச் சாய்த்துவிட்டது. ஆனால் அந்த உதையில் பிடி அவருடைய ஈரக் கையில் மீன் போலத் திரும்பியதை நான் பார்த்தேன். குழல் மேலே எழுந்தது. ரிவால்வர் நழுவி விழாமல் இருக்க அவர் கையை இறுக்கினார். விரல் இன்னும் விசையிலேயே இருந்தது. இரண்டாவது வெடி வானத்தைப் பார்த்து, மேட்டுப் பக்கமாகக் கிளம்பியது. ரிவால்வர் கையைவிட்டுத் தெறித்து அவருடைய புருவத்தில் அடித்துக் கீழே விழுந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது.

மேலே பனிக்குள்ளிருந்து ஒரு அலறல் கேட்டது. என் மனைவியின் குரல்.

செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து எழுந்து மேலே ஓடினேன். என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் இன்னொரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய் அந்தப் பெண். எனக்குத் தங்கச்சி முறை. அவள் முதுகில் இருந்த பிரம்புக் கூடையின் ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் பிரம்பு பிய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குண்டு போன வழிக்கும் அவள் முதுகுக்கும் நாலு விரல் இடைவெளிதான் இருக்கும். உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார்கள். பொலிஸ் வந்து ரிவால்வரை எடுத்துக்கொண்டு போனது. ‘கை நழுவியது’ என்று மட்டும் துரை வாக்குமூலம் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வேறு பேச்சு. துரை குடித்திருந்தாராம். மேலே ஆட்கள் இருப்பது தெரிந்தும் சுட்டாராம். தொழிலாளி உயிர் என்றால் அவருக்குக் கிள்ளுக்கீரையாம். நான் அந்தப் பேச்சுகளுக்கு நடுவே நின்றேன். பிடியைச் செய்தது யார் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் அப்படிப் போனது. துரையே சொல்லாதபோது நான் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அவ கூடைக்குப் பக்கத்துக் கூடை என்னோடதுங்க” என்றாள். வழுக்கும் என்று அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சாப்பிடாமல் எழுந்து பங்களாவுக்குப் போனேன். துரை புருவத்தில் தையலோடு தனியாக உட்கார்ந்திருந்தார். தப்பு என் பிடியில்தான் என்று சொல்லி முடித்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

“எனக்குத் தெரியும் பாஸ். வெயில்ல டெஸ்ட் பண்ணின அன்னைக்கே தெரியும். ரெண்டாவது சூட்டுல அது கைக்குள்ள கொஞ்சம் திரும்பிச்சு. சொல்லலாம்னு ஒங்க மொகத்தப் பாத்தேன். அவ்வளவு சந்தோஷமா நின்னீங்க. வாய் வரல்ல.”

எனக்கு அழுகை வந்தது. பழைய ரப்பர் தகட்டில் இருந்த மாதிரி சின்னக் கோடு வெட்டினால் தீர்ந்திருக்கும் விஷயம். என் பெருமையை நோகடிக்க வேண்டாம் என்று அவர் சும்மா இருந்தார். பெருமை கெட்டுவிடுமே என்று, பிடி வழுக்குகிறதா எனக் கேட்காமல் நான் இருந்தேன்.

“ஒங்க பேரு நான் பொலிஸ்ல சொல்ல மாட்டேன்” என்றார்.

“நானே சொல்லிக்கிறேன் தொர. மொதல்ல அந்தப் பிள்ளகிட்ட போகணும்.”

அவள் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். கூடையை வெளியே வைத்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து உள்ளே போனேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பிடி, வார்னிஷ், மனைவி எச்சரித்தது, மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எதையும் மறைக்கவில்லை. திட்டுவாள், வெளியே போகச் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

அவள் வாசலில் இருந்த கூடையைப் பார்த்தாள்.

“பின்னால இருந்து யாரோ கூடைய வெடுக்குன்னு இழுத்த மாதிரி இருந்துச்சுண்ணே. யாருடான்னு திரும்புனேன். யாருமில்ல. இப்பவும் யாரோ இழுக்குற மாதிரியே இருக்கு” என்றாள். தன் கைகளை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. “இதோட எப்பிடிக் கொழுந்து கிள்றது? மூணு நாளா ஊரே வந்து கூடையப் பாத்துட்டுப் போகுது. சங்கத் தலைவரும் வந்தாரு, பொலிசும் வந்துச்சு. எல்லாரும் கூடையத்தான் பாத்தாங்க. ‘நீ எப்பிடி இருக்க’ன்னு ஒருத்தரும் என்னக் கேக்கலண்ணே.”

நானும் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே வந்ததிலிருந்து என் தப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இப்ப எப்பிடிம்மா இருக்க?” என்று கேட்டேன். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவ்வளவு நாளும் அவள் அழவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் என் மனைவியும் நானும் அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். உடம்பில் குறையில்லை, பயம் உள்ளே தங்கிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பல வாரம் தவறாமல் போய் வந்தோம். துரை அவள் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய், தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோருக்கும் முன்னால் நாங்கள் இருவரும் நடந்ததைச் சொன்னோம். சிலர் என்னைக் காது கூசும்படி ஏசினார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். பொலிசிலும் போய்ச் சொன்னேன். கடுமையாக எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். துரை அந்த ரிவால்வரைத் திரும்ப வாங்கவில்லை, அனுமதிப் பத்திரத்தையும் ஒப்படைத்துவிட்டார். அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார்.

அந்தத் தங்கச்சி நாலு மாதத்துக்குப் பிறகு மலைக்குத் திரும்பினாள். பழைய வேகம் வர இன்னும் கொஞ்ச நாள் ஆனது. இன்றும் அந்த மலையில் வேலைக்குப் பேர் போட்டால் வேறு மலை கேட்டு வாங்கிக்கொள்கிறாள், கங்காணியும் கொடுத்துவிடுகிறார். வழியில் பார்த்தால் நின்று பேசுவாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை என்று என் மனைவி சொல்கிறாள். இருந்தாலும் அவள் கையைப் பார்க்காமல் என்னால் அவளோடு பேச முடிவதில்லை.

பிடிக்கிற கை வலிக்கக் கூடாதே என்று களிமண்ணில் அளவெடுத்து அத்தனை பாடுபட்ட எனக்கு, அந்தக் குழலுக்கு எதிரே யார் நிற்பார்கள் என்று ஒரு தரம்கூட யோசிக்கத் தோன்றவில்லையே என்ற எண்ணம், உளியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.