சுப்பம்மா மறுபடி வாய் திறந்த வருஷம்

சைதாப்பேட்டை, நந்தனம், மேற்கு மாம்பலம் என்று மூன்று பக்கமும் பிள்ளை பெற்ற வீடுகளில் சுப்பம்மாவைத் தெரியும். பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி, துணியில் சுற்றித் தாயின் கையில் கொடுப்பது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்குள் ஐந்து வீடு. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அதைச் செய்தாள். கணவன் வடிவேலு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன். ஒரே மகள் கயலுக்கு ஒன்பது வயதானபோது மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதன் பிறகு சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசையில் அம்மாவும் பெண்ணும்தான்.

கயலுக்கு நினைவில் முதலில் வருவது அம்மாவின் பேச்சுதான். பள்ளி விடுமுறையில் கூடப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். சுப்பம்மா கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குப்புறப் போட்டுக்கொண்டு அதனோடு வழக்கடிப்பாள். "இன்னாடா, நேத்து ராத்திரி அம்மாவ தூங்க வுடலியாமே?" என்பாள். பெற்றவளுக்கும் புத்தி சொல்வாள். முதுகில் சிவப்பு இருந்தால், வயிறு கல்லாக இருந்தால், தொப்புளில் ஈரம் இருந்தால் அப்போதே சொல்லிவிடுவாள்.

அது 2014-இல் நின்றது. நந்தனத்தில் ஒரு மூன்றாம் மாடி வீடு, ஒரு மாதத்துப் பையன். வலது காலைச் சரியாக உதைக்கவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னாள். ஸ்கேன், எலும்பு டாக்டர், இரண்டாவது டாக்டர் என்று பத்து நாள் அலைந்தார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. மறுநாள் வாசலிலேயே நிறுத்தி அந்த வீட்டு அம்மாள் கேட்டாள்: "நீ குளிப்பாட்ட வந்தியா, வைத்தியம் பார்க்க வந்தியா? பத்து நாளா என் பொண்ணு சோறு தண்ணி இல்லாம அழுதிருக்கா, தெரியுமா?" கதவைச் சாத்தினாள். பேச்சு பரவி அதே தெருவில் இன்னும் மூன்று வீடு போயிற்று.

அன்றிலிருந்து சுப்பம்மா குளிப்பாட்டுவாள், துடைப்பாள், கிளம்பிவிடுவாள். "ரொம்ப அமைதியான அம்மா" என்று புது வீடுகளில் சொன்னார்கள்.

2015 வெள்ளத்தில் குடிசை போனது. இரண்டு வருஷம் கழித்து ஊர்க்கோடியில் ஐந்தாம் மாடியில் வீடு ஒதுக்கினார்கள். சுப்பம்மா விடியுமுன் பஸ் ஏறிப் பழைய வீடுகளுக்குப் போய்வந்தாள். கயலுக்கு வேன் ஓட்டும் பாலுவோடு கல்யாணமாகி, 2021-இல் தமிழ்நிலா பிறந்தாள். அந்த வீட்டுக் குளியலறையில் கால் நீட்ட இடமில்லை. கூடத்தில் பிளாஸ்டிக் பாயை விரித்துப் பேத்தியைக் குளிப்பாட்டினாள். ஆறாம் மாதம் கயல் தி.நகர் துணிக்கடையில் பில் போடும் வேலைக்குத் திரும்பினாள். காலையில் பாலு குழந்தையைப் பார்த்துக்கொள்வான், பதினோரு மணிக்கு மேல் சுப்பம்மா.

நிலாவுக்கு இருபத்தோரு மாதம் ஆனபோது, சத்துமாவு வாங்கப் போன இடத்தில் அங்கன்வாடி டீச்சர் பின்னாலிருந்து மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை திரும்பவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. "இன்னும் முன்னாடியே வந்திருக்கணும். வீட்ல யாருமே கவனிக்கலையா?" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில், கிண்டி தாண்டியதும், சுப்பம்மா சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டி."

"இன்னா தெரியும்?"

"அதுக்குக் காது கேக்கலன்னு. நாலாம் மாசத்துலயே. குளிப்பாட்டிக்கினு இருந்தேன், சொம்பு கீழ வுழுந்துச்சு. கண்ணகூட சிமிட்டல. அப்பால நானே ரெண்டு மூணு வாட்டி போட்டுப் பாத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

சுப்பம்மா குழந்தையின் தலையைத் தடவினாள். "தப்பா இருந்துட்டா? ஊரான் வூட்ல தப்பா சொன்னதுக்கே கதவ சாத்துனாங்க. உன்னாண்ட தப்பா சொல்லிட்டு நான் எங்கடி போவேன்?"

அதன் பிறகு பத்தொன்பது நாள் கயல் அம்மாவோடு பேசவில்லை. "அவங்கள சாப்புட சொல்லு" என்று பாலுவிடம் சொல்வாள். சுப்பம்மா சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள்.

இருபதாம் நாள் காலையில் சுப்பம்மா வேலைக்குக் கிளம்பவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கயல் முன்னால் நின்றாள்.

"டெஸ்டுக்கு எழுதிக் குடுத்தாங்களே, அந்த சீட்டு எங்க?"

"இன்னாத்துக்கு? உனக்கு வேலை இல்லியா?"

"எல்லா வூட்லயும் நின்னுட்டேன்."

அறுவை சிகிச்சைக்கு எட்டு மாதம் அலைந்தார்கள். பரிசோதனை, கையெழுத்து, மறுபடி பரிசோதனை. அரசுக் காப்பீட்டில் 2023 கோடையில் காதுக்குள் கருவி வைத்தார்கள். கருவி வைத்தால் போதாது, குழந்தைக்குக் கேட்கவும் பேசவும் கற்றுக்கொடுக்க வேண்டும். வாரம் மூன்று நாள், இரண்டு பஸ் மாறி, சுப்பம்மாதான் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே லிசா என்ற இளம் பெண் சொல்லிக்கொடுப்பாள்.

"வீட்ல சும்மா இருக்காதீங்க பாட்டி. எதைச் செஞ்சாலும் வாயால சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்றாள் லிசா.

ஒன்பது வருஷம் பூட்டியிருந்த வாய் திறந்தது. வெங்காயம் உரித்தால் வெங்காயம், கொடியில் துணி போட்டால் துணி, பஸ் வந்தால் அதன் நம்பர், கண்டக்டரின் மீசை. பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போகிற அளவுக்குப் பேசினாள். கயல் வேலை விட்டு மாடி ஏறும்போது மூன்றாம் மாடியிலேயே அம்மாவின் குரல் கேட்கும்.

பயிற்சி ஆரம்பித்த ஏழாம் மாதத்தில் நிலா வார்த்தை சேர்க்க ஆரம்பித்தாள். லிசாவுக்கு ஒரு குறை. "பாட்டி, 'என்ன'ன்னு சொல்லிக்கொடுங்க. 'இன்னா இன்னா'ங்குது."

"பேசுதா இல்லியா?" என்றாள் சுப்பம்மா.

2025 ஜனவரியில் சளிக் காய்ச்சல் என்று படுத்தாள். நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து, ஒரு வியாழக்கிழமை காலை இறந்தாள். எழுபத்திரண்டு வயது. கயல் அம்மாவின் போனிலிருந்து பழைய வீடுகளுக்குச் சொன்னாள். அன்று லிஃப்ட் ஓடாததால் பதினொரு பெண்கள் ஐந்து மாடி ஏறி வந்தார்கள். ஒருத்தி கல்லூரியில் படிக்கும் மகனையும் அழைத்து வந்திருந்தாள்.

எல்லாரும் போன பிறகு பாலு கேட்டான், தெரிந்தும் அம்மா சொல்லாத அந்தப் பதினேழு மாதத்தை மன்னித்துவிட்டாயா என்று.

"சில நாளு மன்னிச்சிர்றேன். சில நாளு முடியல" என்றாள் கயல்.