காலியாகாத தறி

தறிக்கு மேலே உட்கார்ந்து சேலையில் பூவும் மயிலும் விழ வைக்கிற யந்திரத்துக்கு ஜக்கார்டு பெட்டி என்று பெயர். ஆரணியில் அதைத் தவணைக்கு விற்று, நானே ஏணி போட்டு மாட்டித் தருவதுதான் என் தொழில். மாட்டுவது சுலபம். திரும்பக் கழற்றுவது எவ்வளவு பெரிய பேஜார் என்பதை ஒரே ஒரு நெசவாளர் எனக்குக் காட்டிவிட்டார்.

எட்டு மாதமாகத் தவணை வரவில்லை. வாய்விட்டுக் கேட்க எனக்குக் கூச்சம். அவர் வீட்டு வாசல் வரை போய், மழை வருமா என்று விசாரித்துவிட்டுத் திரும்பிய நாட்களும் உண்டு. கடைசியில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, பெட்டியைத் திரும்ப எடுக்கக் கோர்ட் உத்தரவும் வாங்கினேன். அந்தப் பெட்டியைப் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் இன்னொரு நெசவாளருக்குத் தருவதாகப் பேசியிருந்தேன். அவர் தறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் அமீனாவை அழைத்துக்கொண்டு போனேன். நெசவாளர் தறியை விட்டு எழவே இல்லை.

"எடுத்துக்கங்க, யாரு வேணான்னது? பாதி சேலை ஓடிகினு இருக்குது. பட்டு என்னுது இல்ல, முதலாளியுது. கெட்டுப்போனா நீங்கதான் அவருக்குப் பதில் சொல்லணும்."

அமீனா பேனாவை மூடினார். "அடுத்தவங்க பட்டு மேல நான் கை வெக்க மாட்டேங்க. தறி காலியானதும் சொல்லுங்க."

நெய்து முடித்த சேலையை அறுத்ததும் போனேன். தறியில் நீளமாக ஏற்றிய அதே பாவு நூலில் அடுத்த சேலை தொடங்கியிருந்தது. சரி, பாவே முடியட்டும் என்று பொறுத்தேன். முடிந்த அன்றே முதலாளி புதுப் பாவு அனுப்பி, அதைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்தும் ஆகிவிட்டது.

"காத்தாலயே வந்திருக்கலாமேணா? காலியாதான் இருந்துச்சு" என்றார் நெசவாளர், சிரிக்காமல்.

வீட்டில் என் மனைவி பொறுமையிழந்தாள். "கோர்ட்டு வரைக்கும் போனீங்க. ரெண்டு தெரு தள்ளி இருக்கிற அந்த முதலாளி வீட்டுக்குப் போக கால் வரலியா?"

போனேன். இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பாவு முடிஞ்சா ரெண்டு நாள் கழிச்சி அடுத்தது குடுக்கறேன். இதுக்கா கோர்ட்டு? மொதல்லயே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா?"

வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

பாவு முடிந்த மறுநாள் அமீனாவோடு போனேன். தறியில் பழைய இழைகளின் நுனி மட்டும் தொங்கியது. அமீனா எழுதத் தொடங்க, நான் ஏணியில் ஏறிப் பெட்டியின் கயிறுகளை அவிழ்த்தேன். நெசவாளருக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கலச்சிடாதணா. ஜல்தி பண்ணாத" என்று தானே வந்து, கயிறுகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக் கொடுத்தார். கட்டிக்கொண்டே சொன்னார்: "பழைய பெட்டி எதுனா வந்தா சொல்லுணா. இந்த வாட்டி மாசம் தவறாம கட்டிடறேன்."

என் கூச்சமெல்லாம் எங்கே போனதோ. "மொதல்ல பெட்டிய அந்தப் பக்கம் புடிய்யா!" என்று கத்தினேன்.

பிடித்தார்.